ஒரு புள்ளி இடது, இரண்டு புள்ளி வலது

ஜனவரி 5, வெள்ளி

மேகலாவின் ஆபீஸில் கொடுத்த டைரி. பக்கத்துக்கு ஒரு தேதி, நல்ல தாள். என் மகள் இதில் ஒரு வரிகூட எழுதப் போவதில்லை என்பதால் எனக்கு வந்து சேர்ந்தது. வண்டி வேலை மட்டும் எழுதுவதாக உத்தேசம். முப்பத்தொரு வருடம் பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்த்தவன் நான். அர்த்தநாரி கையெழுத்துப் போட்டு வெளியே போன பம்ப் திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது.

வண்டி 1959-ல் இங்கிலாந்தில் செய்தது. இரண்டே சீட், கூரை இல்லை, கரும்பச்சை, கம்பிச் சக்கரங்கள். நான்கு வருடம் முன்பு நீலகிரியில் ஒரு எஸ்டேட் கொட்டகையில் கோழிகள் உள்ளே முட்டையிட்டுக்கொண்டிருந்த நிலையில் வாங்கினேன். அதன் ஒவ்வொரு ஆணியையும் நான் கழற்றி நானே மாட்டியிருக்கிறேன். வேறு மெக்கானிக் கை அதன்மேல் பட்டதில்லை. வேலை செய்வது நான், ஓட்டுவது தெய்வானை. என் மனைவி பதினாறு வயதில் அவள் அப்பாவின் டிராக்டரை ஓட்டிப் பழகியவள், பயம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்பாள். ஒரு வேலையும் பார்க்காமல் பெட்ரோலும் ஆயிலும் மட்டும் குடிப்பதால் வண்டிக்கு ஜமீன் என்று பெயர் வைத்திருக்கிறாள்.

பிப்ரவரி 4 ஞாயிறு, பழைய கார் சங்கத்தின் மலைப் பயணம், கோவையிலிருந்து கோத்தகிரி வரை. ஜமீனுக்கு முதல் மலை. பாக்கி வேலை: கார்ப்பரேட்டர், முன் சக்கர பேரிங், பிரேக்.

கண்ணாடிக் கடைக்கும் போயிருந்தேன். வலது கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொன்னாள் அந்தப் பெண். கடையில் விளக்கு சரியில்லை. எதிரில் இருந்த பலகையே மங்கலாகத்தான் இருந்தது, எழுத்தை எங்கே போய்ப் படிப்பது. கண்ணில் அழுத்தம் இருக்கலாம், இந்த வாரமே பெரிய கண்ணாஸ்பத்திரிக்குப் போங்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. மலைப் பயணம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம். சீட்டு இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஜனவரி 6, சனி

இன்று போல் ஒரு நாள் கிடைத்தால் போதும். இரண்டு கார்ப்பரேட்டர்களையும் ஒரே சீராக மூச்சு விட வைத்தேன். இதற்குக் கருவி எல்லாம் வந்துவிட்டது, எனக்கு அரை மீட்டர் ரப்பர் ட்யூப் போதும். ஒரு முனை காதில், ஒரு முனை கார்ப்பரேட்டர் வாயில். முன்னது 'உஸ்' என்கிறது, பின்னது 'ஈஸ்' என்கிறது. ஸ்க்ரூவைக் கால் திருப்பு, அதில் பாதி, பாதியில் பாதி. திடீரென்று இரண்டும் ஒரே குரலில் சேர்ந்துகொள்கின்றன, எஞ்சின் அதிர்வு அடங்குகிறது, பானட் மேல் வைத்த டம்ளர் தண்ணீரில் அலை நிற்கிறது. அந்த நிமிடத்துக்காகத்தான் இந்தப் பாடெல்லாம்.

கண்ணை மூடிக்கொண்டுதான் செய்தேன். இந்த வேலைக்குக் கண்ணே தேவையில்லை.

ஜனவரி 8, திங்கள்

காலையில் இதழினியை ஸ்கூட்டரில் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டேன். மேகலா ஏழரைக்கே பாப்பாவை எங்களிடம் விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவதால் பேத்தி என் பொறுப்பு. கேட் தூணில் ஸ்கூட்டர் கைப்பிடி உரசியது. தூண் கொஞ்சம் வெளியே தள்ளிக் கட்டியிருக்கிறான் கொத்தனார், அன்றே சொன்னேன்.

பிரேக் ஷூ வரவில்லை.

ஜனவரி 11, வியாழன்

முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றி, சக்கரம் உட்காரும் ஹப்பையும் வெளியே எடுத்து, பேரிங்குகளை மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறப் போட்டேன்.

இந்த வண்டியின் சக்கரத்துக்கு நான்கு ஐந்து நட்டு கிடையாது. நடுவில் இரண்டு காது வைத்த ஒரே ஒரு பெரிய நட்டுதான். செம்புச் சுத்தியலால் காதில் அடித்து இறுக்க வேண்டும். முன்பக்கம் பார்த்து அடித்தால் கழலும், பின்பக்கம் பார்த்து அடித்தால் இறுகும். இடது பக்க ஹப்புக்கு ஒரு திருகு மரை, வலது பக்கத்துக்கு நேர் எதிர் மரை. இப்படிச் செய்திருப்பதால் வண்டி ஓட ஓட நட்டு தானாகவே இறுகிக்கொள்கிறது. அறுபது வருடம் முன்பு இதை யோசித்தவன் கையைப் பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும். ஹப் இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதால், முதல் முறை கழற்றியபோதே நான் ஆணி வைத்துத் தட்டி அடையாளம் போட்டிருக்கிறேன். ஒரு புள்ளி இடது, இரண்டு புள்ளி வலது.

காது நட்டுகள் முலாம் கடையிலிருந்து வந்துவிட்டன. முகம் பார்த்துத் தலை வாரலாம். பாலீஷ் போட்ட வேகத்தில் அவற்றில் இடது, வலது என்று காட்டிய எழுத்தும் அம்புக்குறியும் தேய்ந்து போயிருக்கின்றன. பரவாயில்லை, பழைய எழுத்து அசிங்கமாகத்தான் இருந்தது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். டம்ளருக்கு இரண்டு அங்குலம் தள்ளித் தரையில் காபியை ஊற்றினேன். நெய் பட்டு வழுக்கிவிட்டது என்று சொன்னேன். தெய்வானை துடைத்துவிட்டாள். ஜமீன் சீட்டில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட வேண்டும் என்று இதழினி அடம்பிடித்தாள், உட்கார வைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அண்ணன் ஞாபகமாகவே இருந்தது. பெரிய தறிப்பட்டறை நடத்தியவர். ஐம்பத்தெட்டு வயதில் கண் போனது. கடைசி ஆறு வருடம் கட்டிலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டார். பார்க்கப் போகிறவர்களிடம் "மழை வருதா?" என்பார். வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அவர் தறிகளை ஒவ்வொன்றாக அவர் காது கேட்கக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

எனக்கு அந்த மாதிரி இல்லை. எழுதி வைக்கிறேன், எனக்கு அந்த மாதிரி இல்லை.

ஜனவரி 19, வெள்ளி

பிரேக் ஷூ வந்துவிட்டது, போட்டு முடித்து ஹப்பும் மாட்டினேன். புது கிரீஸ், ஹப் கழலாமல் பூட்டுகிற கம்பியாகப் புது ஸ்ப்ளிட் பின். முதல் ஹப்பைத் துடைத்துப் பார்த்தேன், ஒரு புள்ளி. இடது. மற்றதிலும் ஒரு புள்ளிதான் கண்ணில் பட்டது. இரண்டாவது புள்ளியில் கிரீஸ் அடைத்திருக்கும். ஒன்று இடது என்றால் மற்றது வலது, இதில் என்ன இருக்கிறது.

ஸ்ப்ளிட் பின் கோக்க வெகுநேரம் ஆனது. ஷெட்டில் புது ட்யூப் லைட் போட வேண்டும்.

நட்டை இறுக்கச் சுத்தியலை ஓங்கினேன், காதுக்குப் பதில் மட்கார்டில் விழுந்தது. என் கையால் வழித்து, தேய்த்து, ஏழு பூச்சுப் பெயின்ட் அடித்த மட்கார்டு. ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குப் பள்ளம். அழுகையே வந்துவிட்டது. சத்தம் கேட்டு வந்த தெய்வானை சுத்தியலை வாங்கிக்கொண்டு, "தோட்டத்துல மாட்டுக் கட்டுத்தறி அடிச்ச கைங்க இது, தள்ளுங்க" என்றாள். நான் உள்ளே போய் பிரேக் மிதித்து உட்கார்ந்துகொண்டேன். நான்கு சக்கரத்தையும் அவளே அடித்து இறுக்கினாள். ஒரு அடிகூடத் தவறவில்லை.

ஜனவரி 22, திங்கள்

வீட்டில் யாரும் இல்லாதபோது காலண்டர் முன் நின்று வலது கண்ணைப் பொத்திக்கொண்டேன். காலண்டர் இல்லை, சுவரும் இல்லை. ஓரத்தில் சாம்பல் நிறமாகக் கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான். கையை எடுத்தேன், எல்லாம் திரும்பி வந்தது, காலண்டர் முருகன் உள்பட.

பயமாக இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அவர்கள் சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டால் தெய்வானைக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் ஸ்பேனரை என் கையில் கொடுக்க மாட்டாள், ஜமீனை யாராவது வந்து பார்ப்பார்கள், நான் உள்ளே கட்டிலில் இருப்பேன்.

ஒரு கண் போதும். எத்தனையோ பேர் ஒரு கண்ணோடு இருக்கிறார்கள்.

ஜனவரி 24, புதன்

பள்ளி திருப்பத்தில் ஒரு அம்மாள் குடத்தோடு குறுக்கே வந்துவிட்டார். ஸ்கூட்டர் கைப்பிடி குடத்தில் இடித்துத் தண்ணீர் முழுவதும் ரோட்டில். ரோட்டைப் பார்த்து நடக்கத் தெரியாதா என்று நான் சத்தம் போட்டேன். அவரும் பதிலுக்குப் போட்டார்.

பள்ளி வாசலில் இறங்கியதும் இதழினி சொன்னாள்: "அப்புச்சி, அவங்க வரலை. அங்கயேதான் நின்னுட்டு இருந்தாங்க." ஏழு வயதுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்து, அம்மிச்சியிடம் சொல்ல வேண்டாம் என்றேன். அவள் பாட்டியிடம் எதையும் மறைத்துப் பழகாதவள். சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

ஜனவரி 26, வெள்ளி

பிரேக் குழாயில் சிக்கிய காற்றை எடுத்தோம். தெய்வானை மிதிக்க, நான் திருகைக் கழற்ற. வேலை திருப்தி.

ஜனவரி 28, ஞாயிறு

விடிந்ததும் வெள்ளோட்டம், அவிநாசி வரை. ரோடு காலி. தெய்வானை தலையில் முக்காடு கட்டிக்கொண்டு மூன்றாவது கியரில் ஏற்றிப் பிடித்தபோது எழுந்த சத்தம் இருக்கிறதே, வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. காற்று முகத்தில் அறைகிறது, பெட்ரோல் வாசனை, பக்கத்தில் அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். முப்பத்தைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் இப்படிச் சிரித்து நான் நாலைந்து தடவைதான் பார்த்திருப்பேன். டீ குடிக்க நிறுத்திய இடத்தில் நாலு பேர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். என் முகத்தில் இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

திரும்பும்போது இடது முன் சக்கரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். பிரேக் பிடித்தால் ஒன்று, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஒன்று. தெய்வானைக்குக் கேட்கவில்லை. கல் ஏதாவது கம்பியில் சிக்கியிருக்கும்.

ஜனவரி 29, திங்கள்

கல் எதுவும் இல்லை. தெய்வானையை மறுபடி நட்டுகளை அடிக்கச் சொன்னேன். இடது முன் நட்டு கால் சுற்று உள்ளே போனது. வலது முன் நட்டும் கொஞ்சம் போனது. பின் சக்கரங்கள் அசையவில்லை. தானாக இறுக வேண்டிய நட்டு எப்படிக் கழலும்?

புது முலாம், அதனால் படிமானம் ஆகியிருக்கும்.

பிப்ரவரி 1, வியாழன்

படிமானம் இல்லை.

மத்தியானம் அவள் ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் ஷெட்டில் போய் உட்கார்ந்து, இடது முன் நட்டின் காதை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தேன். இறுகுவது முன்பக்கம். கழலுவது பின்பக்கம். நேர்மாறு. அந்தப் பக்கம் போய் வலதைப் பார்த்தேன், அதுவும் நேர்மாறு. ஹப்பை மாற்றி மாட்டியிருக்கிறேன். இரண்டு புள்ளி இருந்ததை ஒரு புள்ளி என்று பார்த்து, வலதை இடதிலும் இடதை வலதிலும் போட்டிருக்கிறேன். எழுத்து இருந்திருந்தால் நட்டே சொல்லியிருக்கும், அதை நான்தான் பாலீஷ் போடக் கொடுத்து அழித்தேன். தெய்வானை பாவம், இறுகுகிற பக்கம் பார்த்து அடித்திருக்கிறாள். ஓட ஓட இறுக வேண்டிய சக்கரம் இனி ஓட ஓடக் கழலும். மலையில், அத்தனை வளைவில், இடது பக்கம் பள்ளம்.

சரி. யாருக்கும் தெரியாது. நாளை அவள் அவிநாசிக்கு ஒரு வீட்டுக் காரியத்துக்குப் போகிறாள். நாளை கழற்றி மாற்றிவிடலாம். நாலு மணி நேர வேலை.

பிப்ரவரி 2, வெள்ளி

முடியவில்லை.

சக்கரம் கழற்றினேன். ஹப் வெளியே வர வேண்டும் என்றால் உள்ளே இருக்கிற ஸ்ப்ளிட் பின்னின் வளைந்த காலை நிமிர்த்தி உருவ வேண்டும். குறடு காற்றைக் கடிக்கிறது. இங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன், குறடு அதற்கு முன்னால் மூடிக்கொள்கிறது, அல்லது பின்னால். போன மாதம் இதே பின்னை எப்படிக் கோத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. விரலால் தடவி விரலை ஒட்டிக் குறட்டைக் கொண்டுபோனேன், விரலைக் கடித்தது. ஒன்றரை மணி நேரம். வியர்வை ஓடுகிறது, ஒரு சின்னக் கம்பி. நான் பாஸ் போட்ட பம்புகளில் இந்தக் கம்பி ஆயிரக்கணக்கில் இருந்திருக்கும்.

சக்கரத்தைத் திரும்ப மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வேறு மெக்கானிக்கைக் கூப்பிடலாம். அவன் ஹப்பைப் பார்ப்பான், அப்புறம் என்னைப் பார்ப்பான். சாயங்காலத்துக்குள் சங்கம் முழுக்கத் தெரியும்.

விரலில் என்ன கட்டு என்று அவள் கேட்டாள். தகரம் கிழித்தது என்றேன்.

பிப்ரவரி 3, சனி

வழி கண்டுபிடித்துவிட்டேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ரோட்டார் என்று கட்டைவிரல் அளவில் ஒரு துண்டு உண்டு. அது இல்லாவிட்டால் எந்த ராஜா வந்தாலும் எஞ்சின் பிடிக்காது. அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நாளைக் காலையில் வண்டி கிளம்பாது. சங்கத்து வண்டிகள் போய்விடும். ஒரு வாரம் கிடைத்தால் ஹப்புக்கு ஏதாவது யோசிக்கலாம்.

அவள் நாளைக்கு உடுத்தப் புதுச் சேலையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். இது பொய் இல்லை, ஜாக்கிரதை.

பிப்ரவரி 4, ஞாயிறு

வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

காலை ஐந்தரைக்குத் தெய்வானை ஸ்டார்ட் செய்தாள். பிடிக்கவில்லை. நான் பானட்டைத் திறந்து அங்கே இங்கே தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினேன். அவள் சேலை மடிப்போடு அப்படியே சீட்டில் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. ஆனால் அவள் போனை எடுத்து ஹபீபைக் கூப்பிட்டுவிட்டாள். சங்கச் செயலாளர், பல் டாக்டர், இரண்டு தெரு தள்ளி வீடு. பத்து நிமிடத்தில் அவர் வண்டியிலேயே வந்து இறங்கினார். மூடியைக் கழற்றி ஒரு பார்வை பார்த்து, "ரோட்டார் இல்லியே சார்" என்றார். எதையோ கழுவியபோது மாட்ட மறந்துவிட்டேன் போலிருக்கிறது என்றேன். அவர் தன் டூல் பெட்டியிலிருந்து ஒரு ரோட்டாரை எடுத்துப் போட்டார். பழைய இங்கிலீஷ் வண்டி வைத்திருப்பவன் எவனும் அது ஸ்பேர் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டான், எனக்கு இது ஏன் தோன்றவில்லை. முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது. தெய்வானை கை தட்டினாள். என் சட்டைப் பையில் அந்தத் துண்டு கனத்தது.

நான் இடது சீட்டில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால், காலுக்குப் பக்கத்தில் அந்தச் சக்கரம். பன்னிரண்டு வண்டிகள் வரிசையாகப் போனோம். ரோட்டோரம் ஜனங்கள் கை காட்டினார்கள் என்று அவள் சொன்னாள். பெரியநாயக்கன்பாளையம் தாண்டியதும் டிக் ஆரம்பித்தது. காரமடையில் இரண்டுக்கு ஒன்று. மேட்டுப்பாளையம் வரும்போது ஒவ்வொரு பிரேக்குக்கும். இந்த இடத்தில் சொல்லலாம், அந்தப் பாலம் தாண்டிச் சொல்லலாம், டீக்கு நிறுத்தும்போது சொல்லலாம் என்று நாற்பது கிலோமீட்டர் வந்துவிட்டேன். டீக்கு நிறுத்தினார்கள், சொல்லவில்லை. ஹபீபின் மனைவி எனக்கு முறுக்கு கொடுத்தார், அதையும் சாப்பிட்டேன்.

கோத்தகிரி ரோட்டில் திரும்பி, மலை நிமிர்ந்து எதிரில் நிற்கிற இடத்தில், நிறுத்து என்று சொன்னேன். நான் சொன்னதாக நினைவு. கத்தினேன் என்கிறாள் அவள்.

அவள் ஓரம் கட்டினாள். எனக்கு இடது கண் தெரியவில்லை, ஹப்பை மாற்றிப் போட்டுவிட்டேன், சக்கரம் கழன்றுகொண்டிருக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவள் இறங்கிச் சுற்றி வந்தாள். குனிந்து அந்தக் காது நட்டை விரலால் தள்ளினாள். சுத்தியலால் அடித்து இறுக்கியது, இரண்டு விரலுக்குச் சுற்றியது. இரண்டு சுற்று சுற்றிவிட்டு நிறுத்தினாள். இன்னும் இரண்டு சுற்றுதான் பாக்கி இருந்திருக்கும்.

அந்தப் பக்கம் போய் வலதையும் பார்த்துவிட்டு வந்தாள். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"எப்ப இருந்துங்க கண்ணு இப்படி?"

"ஆயுத பூஜை சமயத்துல தெரிஞ்சுது."

அவள் விரல் விட்டு மாதங்களை எண்ணினாள். அப்புறம் கேட்டாள்: "அப்ப பாப்பா?"

எனக்குப் புரியவில்லை. பாப்பாவுக்கு என்ன என்றேன்.

"நாலு மாசமா பாப்பாவைத் தினமும் ஸ்கூட்டர்ல பின்னாடி உக்கார வெச்சுட்டுப் போனீங்களே. இந்தக் கண்ணை வெச்சுட்டா போனீங்க?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் வரை அது எனக்குத் தோன்றவே இல்லை. சக்கரத்தைப் பற்றிப் பயந்தேன், ஆஸ்பத்திரியைப் பற்றிப் பயந்தேன், என் அண்ணனின் கட்டிலைப் பற்றிப் பயந்தேன். காலையில் எட்டே காலுக்கு ஸ்கூட்டரை எடுக்கும்போது மட்டும் எனக்குப் பயமே இருந்ததில்லை. வண்டியின் மீது சாய்ந்து நின்றேன்.

அவள் மேகலாவுக்குப் போன் போட்டாள். நாளையிலிருந்து பாப்பாவைப் பள்ளி வேனில் அனுப்பு என்றாள். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருப்பாள். "வீட்டுக்கு வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

பின்னால் வந்த ஹபீபும் மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். அவர்களிடம் நானே சொன்னேன். ரோட்டாரையும் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. ஜமீனை லாரியில் ஏற்றித்தான் கொண்டுவந்தோம். லாரியின் முன்சீட்டில் டிரைவரோடு மூன்று பேர். தெய்வானை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பிப்ரவரி 7, புதன்

கண்ணாஸ்பத்திரி. காலை ஏழு முதல் மத்தியானம் இரண்டு வரை. இடது கண்ணின் நரம்பு போய்விட்டது, வராது. வலது கண்ணிலும் அங்கங்கே ஓட்டை இருக்கிறது, நடுப்பார்வை நன்றாக இருப்பதால் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. சொட்டு மருந்து ஒழுங்காக விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். மூன்று மாதம் முன்பே வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், தெய்வானை முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இனி எந்த வண்டியும் ஓட்டக் கூடாது.

குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். அண்ணனைச் சொன்னேன். அப்படியென்றால் மேகலாவும் வருடா வருடம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

பிப்ரவரி 8, வியாழன்

மேகலா வந்தாள். என்னிடம் கேட்க நினைத்ததை எல்லாம் கேட்டாள். கேட்கட்டும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஜமீனை விற்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. காலையில் தெய்வானை பழைய சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போய், ஜாக்கி எங்கே என்று கேட்டாள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த மன்னிப்பு, அது மன்னிப்புதானா என்றும் தெரியவில்லை.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்ல, அவள் செய்தாள். ஸ்ப்ளிட் பின்னை ஒரே இழுப்பில் உருவினாள். ஹப்பைத் துணியால் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்து, "இதுல ரெண்டு புள்ளி இருக்குதுங்க. நல்லாத் தெரியுது" என்றாள். அவள் கையில் வைத்திருந்தது இடது பக்கத்திலிருந்து கழற்றியது. நான் விரலை வைத்துத் தடவினேன். இரண்டு. ஒரு எள் இடைவெளியில் இரண்டு பள்ளம், விரலுக்குத் தெரிகிறது. அன்றைக்கு ஒரு தடவை தடவிப் பார்த்திருந்தால் போதும்.

மாற்றி மாட்டி, பின்பக்கம் பார்த்து அடித்தாள். இறுகியது. எழுந்து நின்று கையைத் துடைத்துக்கொண்டவள் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. அது எனக்குத் தெரிந்த பிரகாசம். நான் அடுத்த சக்கரத்தைக் காட்டினேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

ஸ்கூட்டரை மேகலாவின் ஆபீஸில் ஒருவர் எடுத்துக்கொள்கிறார். சாயங்காலம் வருவதாகச் சொன்னதால் காலையில் கழுவ உட்கார்ந்தேன். வலது பக்கம் புதுசு மாதிரி இருக்கிறது. இடது பக்கத்தில் சோப்பு போட்டுத் தேய்த்தபோது கையில் ஏதோ தட்டுப்பட்டது. துணியைக் கீழே வைத்துவிட்டு விரலால் தடவிக்கொண்டே போனேன். கைப்பிடி முனையில் இரண்டு கீறல், அது தூணும் குடமும். கண்ணாடியின் பின்புறம் ஒன்று. முன் மட்கார்டில் மூன்று. பெட்டி மூடியில் ஒரு நீளக் கோடு, நீலப் பெயின்ட் ஒட்டியிருக்கிறது, ஏதோ நீல நிற வண்டி. பின்பக்க வளைவில் நான்கு.

பதினொன்று. எனக்கு நினைவிருப்பது இரண்டு.

கடைசியாக ஒன்றைக் கண்டுபிடித்தேன், அதையும் சேர்த்தால் பன்னிரண்டு. பின்சீட்டுக்குக் கீழே, இதழினி இடது கால் வைக்கிற மிதிகட்டை. அதன் முனை ரப்பர் முழுக்கப் பிய்ந்து, உள்ளே இரும்பு வளைந்திருக்கிறது. எங்கே, எதில், எந்தக் காலையில் என்று எனக்குத் தெரியாது. அவள் சொன்னதில்லை. அம்மிச்சியிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தானே சொல்லிக் கொடுத்தேன்.

அந்த மிதிகட்டையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தெய்வானை வந்து கூப்பிட்டபோது, அவள் கையைப் பிடித்து அந்த வளைந்த இரும்பின் மேல் வைத்தேன்.